நான்கு பேர் தள்ளிய அறை

1996 வசந்தத்தில் ஜெயமலர் கனடாவின் மில்லிக்கனில், குசினியும் கட்டிலும் வைத்த பெரிய சுற்றுலா வான்களைத் திருத்தும் இடமொன்றில் வேலை செய்தாள். அந்த வான்களின் பக்கச் சுவரில் ஓர் அறை, மேசை லாச்சி போல வெளியே இழுபடும். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் அதைச் சுற்றியிருக்கும் றப்பரை மாற்றுவதுதான் அவளுடைய வேலை.

ஒருநாள் திருத்த வந்த வானில், அறையை நகர்த்தும் மோட்டாரைக் கழற்றியிருந்தார்கள். காலையில், கூட வேலை செய்யும் கனகசிங்கம் உட்பட நான்கு பேர் சேர்ந்துதான் அறையை ஒரு முழம் வெளியே தள்ளினார்கள். மதியம் அவள் இடுக்குக்குள் கையை விட்டுப் பழைய றப்பரை உரித்துக்கொண்டிருக்க, வானைத் தாங்கியிருந்த ஜாக்கி வழுக்கி வான் சரிந்தது. அறை உள்நோக்கிச் சறுக்கி வந்து அவள் முழங்கையை நெரித்தது.

"ஐயோ, கனகசிங்கம் அண்ணை!"

எலும்பு முறியப்போகிற நேரத்தில் அறை நின்றது. பிறகு மெல்ல மெல்ல வெளியே போனது. முழங்கையில் ஒரு சிவந்த கோடு மட்டுந்தான்.

கோப்பியோடு வந்த கனகசிங்கத்தைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்ல காலம், உள்ளுக்கு இருந்து தள்ளிவிட்டியள் அண்ணை."

"நானோ? நான் இப்பத்தான் பிளாசாவில இருந்து வாறன். வான் கதவும் பூட்டியெல்லோ கிடக்கு."

திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒருவரும் இல்லை.

அவர் ஜாக்கியைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஜெயமலர் புது றப்பரை வெட்டி, சுற்றிவர அழுத்தி ஒட்டினாள். கடைசி மூலைக்கு மட்டும் கை எட்டவில்லை; அறை இன்னும் கொஞ்சம் வெளியே வரவேண்டும். அவள் அறையின் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்ர கையைக் காப்பாத்தித் தந்தியள். பெரிய உபகாரம்."

அறை இன்னும் நான்கு விரல் வெளியே வந்தது.