திங்கட்கிழமை மீட்டிங்

“கொட்டாஞ்சேனை ஸ்டோர்ஸ் லைனில நிக்குதோ?” என்று கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கேட்டார் முகாமையாளர் தவநேசன்.

“ஓம் சேர், ஞானம் கதைக்கிறன்.”

“பம்பலப்பிட்டி ஒஃபிஸ்?”

“ரஞ்சினி இருக்கிறன் சேர்.”

“துறைமுகத்தில பருப்பு லோட் இறங்கினதோ?”

“காலமை இறங்கிட்டுது சேர்,” என்றார் ஞானம்.

“நல்லது. ஒருத்தருக்கும் அலைச்சல் இல்லை. ஒரு போன் கோலில முழு வேலையும் முடியுது. வாற திங்களும் இதே நேரம்.”

தவநேசன் திருப்தியோடு எழுந்து சாப்பிடப் போனதும் மகள் சாம்பவி போனை எடுத்தாள்.

“கொம்பனியை மூடினதே அப்பாவுக்கு நினைவில்லை, அங்கிள். அவருக்காக நீங்கள் கிழமைக்குக் கிழமை கனடாவிலயிருந்து...”

“அவருக்காக மட்டுமில்லைப் பிள்ளை. இஞ்ச என்னட்டை ஆர் பருப்பு லோட் பற்றிக் கேக்கினம்?” என்றார் ஞானம்.

லண்டனிலிருந்து ரஞ்சினி, “ஒருக்கா வீடியோவில கதைப்பமே. சேரைப் பாக்க ஆசையாக் கிடக்கு,” என்றாள்.

சாம்பவி தயங்கினாள்.

“வேண்டாம் அன்ரி. உங்கட ரெண்டு பேரின்ர படத்தையும் காட்டினனான். ஆரெண்டு கேட்டவர். குரலைத்தான் அவருக்கு இன்னும் தெரியுது.”

ஞானம் தொண்டையைச் செருமினார்.

“அப்ப ரஞ்சினி, வாற திங்கள் என்ன லோட் இறக்குவம்?”