ஏழாம் மேசையில் தகராறு

“ஃப்ளோர்! ஏழாம் மேசைக்கு வாங்க!”

சீட்டுப் போடுகிறவன் கத்தியதுமே லோரெட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. வெர்னன் ப்ரூயிட்தான், வேறு யார்?

ரீனோவின் அந்தச் சூதாட்ட விடுதியில் போக்கர் மேசைத் தகராறுகளைத் தீர்ப்பவள் அவள். அந்த வேலைக்கே ‘ஃப்ளோர்’ என்றுதான் பெயர். இன்றோடு ஓய்வு. கடைசி நாளாவது நிம்மதியாகப் போகும் என்று பார்த்தால், மனுஷன் விடவில்லை.

“இன்னிக்கு என்ன சார்?”

“பெரிய தொகைச் சில்லாப் போட்டேன். பந்தயத்தை ஏத்தினதாத்தானே அர்த்தம்? சீட்டுப் போடுற இவன் இல்லைங்கிறான்.”

“வாயைத் திறந்து ‘ஏத்துறேன்’னு சொன்னீங்களா?”

“இல்லை.”

“ஒத்தைச் சில்லைப் போட்டுட்டுச் சும்மா இருந்தா, முன்னால வெச்ச பந்தயத்துக்கு ஈடு கட்டினதாத்தான் ஆகும். எத்தனை தடவை சொல்றது? எண்பத்திநாலுல நீங்க இழுத்த முதல் தகராறே இதுதானே!”

மேசையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்று கூடம் முழுக்கச் சிகரெட் புகை. அவளுக்குப் புது வேலை. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. வாராவாரம் வருவார், ஒரு தகராறு இழுப்பார், தோற்பார், தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார். நாளைக்கு டூசானில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டால் இந்தக் குரல் காதில் விழாது.

“வெர்னன்,” என்றாள் தாழ்ந்த குரலில். “இன்னொரு வீண் தகராறு பண்ணினா உங்களை உள்ளேயே விடக் கூடாதுன்னு புது மேனேஜர் சொல்லிட்டார். வாபஸ் வாங்கிக்குங்க.”

“மாட்டேன். தீர்ப்பைச் சொல்லுங்க.”

“சொன்னா இந்த வாசப்படி மிதிக்க முடியாது. புரியுதா?”

“நாளையிலேர்ந்து உங்க இடத்துக்கு யாரு?”

“மேனேஜரோட மச்சான்.”

“அப்ப தாராளமா என் பேரை எழுதிக்குங்க.”

கல்நெஞ்சக்காரர்! இத்தனை வருடம் வந்த இடத்தை இப்படியா உதறுவார்? அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தடைச் சீட்டை எடுத்து அவர் பெயரை எழுதத் தொடங்கினாள்.

அரைமணிக்கொரு தடவை சீட்டுப் போடுகிறவர் மாறும் நேரம் அது. இந்த வாரம்தான் கார்சன் சிட்டியிலிருந்து வந்து சேர்ந்த ட்வைலா உட்காரப் போனாள். வெர்னனைப் பார்த்ததும் விறைத்து நின்றாள்.

“சார்! நீங்க இங்கயா?”

வெர்னன் அவசரமாகத் தொப்பியை முகத்துக்கு இறக்கினார்.

“இவரை உனக்குத் தெரியுமா?” என்றாள் லோரெட்டா.

“தெரியாம என்ன மேடம்? எங்க பழைய க்ளப்ல முப்பது வருஷமா இவர்தான் ஃப்ளோர்! ரூல் புக்கை எங்களுக்கு வரிக்கு வரி மனப்பாடம் பண்ண வெச்சவரே இவர்தான். வாரத்துல ஒரு நாள் லீவு போட்டுட்டு எங்க போறாருன்னுதான் எங்க யாருக்கும் தெரியாது.”