பத்து வருட எண்ணெய்

“கொதிக்கிற எண்ணெயில காத்து பட்டுக்கிட்டே இருந்தா அது புளிச்சுப் போகும், மாப்ள. அப்புறம் கெட்டியாகி, குழாய்க்குள்ள கரியா ஒட்டிக்கும். சூடு ஏறாது. பழசு மேலேயே புதுசை ஊத்தினா, புதுசும் கெடும்” என்றார் ஃபிட்டர், கறுத்த எண்ணெயை விரலில் தேய்த்துக் காட்டி.

“பாடத்தை அப்புறம் நடத்துங்க மச்சான். ஆலையை மூடப்போறாங்களாமே?” என்றார், குழாய்களில் ஓடும் எண்ணெயின் சூட்டில் பிளைவுட்டை அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸை இயக்கும் அவருடைய தங்கை கணவர்.

மேனேஜர் வந்தார். “அண்ணே, பழசு மொத்தத்தையும் வடிச்சிடுங்க. புதுசா எதை ஊத்தலாம்?”

“மலிவானது ஒரு வருஷம் வரும் சார். விலை கூடினது இந்தச் சூட்டைப் பத்து வருஷம் தாங்கும்.”

“அதையே வாங்கிடலாம்.”

ஒரு டின் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்!

“கேட்டீங்களா மாப்ள? மூடுற ஆலைக்கு எவனாவது பத்து வருஷ எண்ணெய் வாங்குவானா?” என்றார் ஃபிட்டர், மேனேஜர் போனதும்.

இருவரும் உற்சாகமாகக் குழாய்களைக் கழுவி, புது எண்ணெயை நிரப்பினார்கள். பிரஸ் மளமளவென்று சூடேறியது.

மறுநாள் மேனேஜருடன் வந்த இருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்கள்.

மேனேஜர் ஃபிட்டரின் தோளைத் தட்டினார். “எண்ணெய் மாத்தினாத்தான் பிரஸ்ஸை வாங்குவோம்னுட்டாங்கண்ணே. சூடு ஆறினதும் நீங்களும் மாப்பிள்ளையுமா கழட்டி, லாரியில ஏத்திடுங்க.”