மழை பிடித்தால் வருகிறவர்

பூட்டு மூன்றாவது முறைதான் திறந்தது.

வங்கி அதிகாரி சாவியை ஜீவராணியின் கையில் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு மேலே, இரண்டு அறையும் தகரக் கூரையுமாய் ஒரு வீடு. கடனைக் கட்ட முடியாத யாரிடமிருந்தோ வங்கி எடுத்து, இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்தது. இனி அவளுடையது.

பண்டாரவளையில் ஒன்று, வெலிமடையில் ஒன்று என ஏற்கெனவே இரண்டு வங்கி வீடுகளுக்கு டெண்டர் போட்டுத் தவறவிட்டிருந்தாள். வாங்கித் திருத்தி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பதெல்லாம் குவைத்தில், வேலை பார்த்த வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து போனில் பார்த்துக் கற்றது.

பதினொரு வருஷச் சம்பளம் இந்த ஒரு கதவுக்குள் போயிருக்கிறது.

கணவன் தயாபரன் வரவில்லை. வீடு பார்க்கப் போன ஒரு நாளும் அவன் கூட வந்ததில்லை. "எனக்கு இதெல்லாம் வெளங்காது, நீயே பாத்துக்க" என்பான். இன்றைக்கும் எல்ல என்ற ஊர் வரை ஒரு ஹயர் சவாரி இருக்கிறது என்று ஆட்டோவைக் கிளப்பிவிட்டான்.

சாவி வாங்கும் நாளில்கூட.

மூன்று நாளாக விடாத மழை. பயந்துகொண்டே உள்ளே போனாள். தரை காய்ந்து கிடந்தது. சுவரைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஈரமில்லை.

பக்கத்து வீட்டு அங்கம்மா வேலிக்கு மேலாகத் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள்.

"நீங்கதான் வாங்கினதா? சந்தோஷம்மா. ஆனா அந்த மனுஷனுக்குக் கெடைக்காமப் போச்சே, பாவம்."

"எந்த மனுஷன்?"

"ஒருத்தரு வருவாரு. மழை புடிச்சா போதும், வந்துருவாரு. எங்க ஒழுகுதுன்னு ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே நிப்பாரு. போன மாசம் எங்க ஏணிய வாங்கி ஏறி, தகரத்துல ஆணி ஓட்டைக்கெல்லாம் தார் பூசிட்டுப் போனாரு. வாங்காத வீட்டுக்கு எதுக்கு அண்ணே இம்புட்டுப் பாடுன்னு கேட்டேன்."

ஜீவராணிக்கு என்னவோ போலிருந்தது. இவ்வளவு ஆசைப்பட்ட ஒருவர் கையிலிருந்து தட்டிப் பறித்துவிட்டோமோ?

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"எம் பொஞ்சாதி பதினொரு வருஷம் அடுத்தவங்க வீட்டைத் தொடச்சவ, அவ வாங்குறது ஒழுகக் கூடாதுன்னாரு."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஜீவராணி குடிக்கவில்லை.

"வேற எங்கயாச்சும் பாத்துட்டாங்களோ என்னமோ," என்றாள் அங்கம்மா.

"இல்லக்கா. இந்த வீடேதான் கெடைச்சிருக்கு, அவருக்கு."