தானாக மாறும் பெட்டி

“அந்தத் தகர டப்பாவை நீங்க தூக்கி எறியறீங்களா, இல்ல நான் எறியட்டுமா?”

அம்மாவின் காலைச் செய்தி இது. குக்கரின் நாலாவது விசில் மாதிரியே குரல். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும்; யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவேன்.

அப்பா ஹாம் ரேடியோக்காரர். வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. நாற்பது, இருபது, பதினஞ்சு, பத்து மீட்டர் என்று நாலு பேண்ட், அதாவது அலைவரிசை; மொட்டை மாடியில் பேண்டுக்கு ஒன்றாக நாலு ஆண்டெனா. அவர் ரேடியோவில் பேண்டை மாற்றினால், பின்பக்கப் பால்கனியில் இருக்கிற பெட்டி தானே புரிந்துகொண்டு ‘டக்’கென்று அதற்குரிய ஆண்டெனாவுக்கு மாறிவிடும். இரண்டு வருஷம் உட்கார்ந்து அவரே செய்தது.

கொஞ்ச நாளாகப் பெட்டிக்குக் குணக்கேடு. அம்மா குளிக்கப் போனால் மாறாது. குக்கர் கத்தினால் லேட்டாக மாறும்.

“சூடாயிடுது, பாவம்” என்று அப்பா அதற்குப் புது டேபிள் ஃபேன் வாங்கி வைத்தார்.

அம்மா அடுப்படிக்கு ஒரு ஃபேன் கேட்டு மூன்று வருஷமாகிறது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அன்று ஹாம் ரேடியோ சங்கத்துத் தலைவரும் செயலாளரும் பெட்டியைச் சோதிக்க வந்தார்கள். பாஸானால், அப்பா பெயர் பொறித்த பெட்டி சங்கத்து ஸ்டேஷனில் ஏறும். அப்பா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தலைவர் குரல் சரக்கு ரயில். செயலாளர் குரல் கொசு. இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை. முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன நல்ல பிள்ளையா? வாசல் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

“நாற்பது மீட்டர்!” என்றேன், ரயிலாக.

“நாற்பது மீட்டர்!” என்று வழக்கம்போல் ஊருக்கே கேட்கக் கத்திவிட்டு அப்பா திருப்பினார். டக்.

“அவர் மட்டும்தான் கேட்பாரா? இருபது!” என்றேன், கொசுவாக.

டக்.

நிஜத் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “பத்து!”

“பதினஞ்சு!” நிஜச் செயலாளர்.

“நாற்பது!” “பத்து!” “இருபது!” அதற்கப்புறம் நான் தேவைப்படவே இல்லை. அப்பா கத்தக் கத்த, பெட்டி டக், டக், டக்... டக்... ட... க்.

பின்னாலிருந்து ‘ஹ்ஹா’ என்று ஒரு மூச்சு கேட்டது. பெட்டிக்கு எப்போது மூச்சு வந்தது?

பால்கனிக்கு ஓடினேன். மூடி திறந்த பெட்டி. முக்காலியில் அம்மா. உள்ளே இருந்த குமிழைக் கையால் திருகிக்கொண்டிருந்தாள்.

“நீதானேடி ஆரம்பிச்சு வச்சது? இன்னொரு தடவை கொசு மாதிரி கத்தினே, நாக்கை இழுத்து வச்சு நறுக்கிடுவேன்!”

“என்னம்மா பண்றே?”

“மெதுவாப் பேசு. போன மழையிலேயே இது போய்ச் சேர்ந்தாச்சு. தெரிஞ்சா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.”

அம்மாவின் கட்டை விரலில் கொப்புளம்.

நான் திரைக்கே ஓடி வந்து ரயிலானேன். “போதும்! பாஸ்!” உடனே கொசு. “அதை நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்!”

யார் முந்துவது என்று இருவரும் பாய்ந்து பாய்ந்து கையெழுத்துப் போட்டார்கள். சான்றிதழ் அப்பா கைக்கு வந்தது.

அப்பா அதைப் பார்த்தார். பால்கனிப் பக்கம் பார்த்தார். திருப்பி நீட்டிவிட்டார்.

“வேணாம் சார். பெட்டி செத்து மூணு மாசமாச்சு. இப்ப வேலை செஞ்சது என் வீட்டுக்காரி.”

தலைவரும் செயலாளரும் ஆறு மாதத்தில் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா குக்கராக வந்து நின்றாள். “தெரிஞ்சுமா இத்தனை நாள் நாற்பது, இருபதுன்னு என்னைப் போட்டுப் படுத்தினீங்க?”

அப்பா தலையைச் சொறிந்தார்.

“தெரிஞ்ச அன்னிக்குத்தான் அந்த ஃபேனை வாங்கினேன்.”