படிக்கட்டுக் காட்சி

எழுபத்திரண்டு படி ஏறி முடித்தபோது அவருடைய வலது முட்டி தீயாய் எரிந்தது.

முப்பது வருஷம் மூட்டை தூக்கிய முட்டி. இப்போது வெறுங்கையோடு ஏறுவதற்கே முனகுகிறது.

நூறு வருஷத்து நாடக அரங்கம். மேல்மாடி, கடைசி வரிசை. கூரையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி விளக்கு தொங்கியது. அதை மேலே ஏற்ற எத்தனை ஆள் பிடித்திருக்கும் என்று பார்த்தார். பன்னிரண்டுக்குக் குறையாது.

"எனக்கு எதுக்குண்ணே நாடகம்? துணியை ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்தவள்.

அவரோடு மூட்டை தூக்கிய கூட்டாளியின் மனைவி. கூட்டாளி செத்துப் பதினோரு வருஷம்.

"உன் வீட்டுக்காரன் கதைம்மா. முழுசாப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கணும்."

சுமைக்காரர்களைப் பற்றி எழுத நாடகக்காரர் ஒருவர் அவர்கள் வேலைக்குக் காத்திருக்கும் கொட்டகைக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். கூட்டாளி செத்த அன்று படிக்கட்டில் நடந்ததை அவரிடம் இவர் ஒன்று விடாமல் சொன்னார். பேரை மாற்றிக்கொள்ளுங்கள், நடந்ததை மாற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்தக் காட்சியை இவள் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியில் அது வந்தது. மேடையில் ஒரு படிக்கட்டு. மேலே ஒருவன் பீரோவில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். கீழே ஒருவன் அந்த இரும்பு பீரோவைத் தோளில் தாங்கி இறங்கினான். பீரோ காலி என்பது அவன் இறங்கிய லட்சணத்திலேயே தெரிந்தது.

படீரென்று கயிறு அறுந்தது. பீரோ கீழே இருந்தவன் மேல் சரிந்தது.

மேலே நின்றவன் அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு கதறினான். திரை விழுந்தது. கைதட்டல் கூரையை இடித்தது.

அவள் கைதட்டவில்லை.

"அப்ப படி வழுக்கலையாண்ணே? கயித்தைத் தினம் தடவிப் பாத்துக் கட்டுறது அவருதானே. அன்னைக்குப் பாக்காமயா கட்டினாரு மனுஷன்?"

அவருக்கு முட்டிவலி மறந்துபோனது.

படி வழுக்கிவிட்டது என்று அன்று அவளிடம் சொன்னவர் அவர்தான். படி வழுக்கவில்லை. கயிறும் அறுந்துபோகவில்லை. அது இன்னும் அவர் வீட்டுப் பரணில் முழுசாகச் சுருண்டு கிடக்கிறது.

மேலே இருப்பவன் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதற்கு முன் 'மாத்துறேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்குத்தான் கீழே இருப்பவன் மூச்சை அடக்கிக் காலை ஊன்றுவான். அன்று அவர் குரல் கொடுக்காமல் கை மாற்றினார்.

தன் வாயால் சொல்ல முடியாததை மேடை சொல்லிவிடும் என்று நம்பித்தான் அவளைக் கூட்டிவந்தார். மேடையோ பழியைச் செத்தவன் தலையில் கட்டிவிட்டது.

அவள் எழுந்தாள். அவர் முட்டியை நீட்டி வழியை மறித்தார்.

"உக்காரும்மா. நாடகம் இன்னும் முடியல."

கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தார். 'கயிறு இல்லம்மா, என் கை.' அந்த ஒரு வாக்கியம் பதினோரு வருஷமாக அவளுக்குப் பாக்கி.