மாடிக் கொடியில் ஒரு சாரம்

முப்பத்துநாலு வருடப் போலீஸ் உத்தியோகத்தில் ஏட்டு நெல்லையப்பனுக்கு ஒரு கொலைகூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் தேரோட்டப் பந்தோபஸ்தும், ஹெல்மெட் போடாத காலேஜ் பிள்ளைகளும்தான். ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்து இரண்டு வருடமாகியும் அந்த வருத்தம் போகவில்லை.

எதிர்வீட்டு மாடிதான் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இஸ்ரவேல் சாரும் அவர் மனைவி ரீபா டீச்சரும் இருந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஞாயிறு ஆராதனைக்கு முதல் வரிசையில் உட்காருகிறவர்கள். மாடியில் சாலமோன் என்று ஒருவன் வாடகைக்கு இருப்பதாகச் சொல்வார்கள். இரண்டு வருடத்தில் நெல்லையப்பன் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மாடிக் கொடியில் நீலக் கட்டம் போட்ட ஒரு லுங்கி, அந்த ஊர் பாஷையில் சாரம், மட்டும் வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடந்தது. கட்டிக்கொள்ள ஆள் இருந்தால் ஒரே சாரம் இரண்டு வருடமாகவா காயும்?

அன்று காலை ரீபா டீச்சர் மிக்சியைப் போட்டதும், தாத்தா காலத்து மர ஸ்விட்ச் போர்டு குபுகுபுவென்று புகைந்தது. மேலப்பாளையத்திலிருந்து எலக்ட்ரீசியன் காஜா முகைதீன் வந்தார். பீங்கான் ஃப்யூஸ்களையெல்லாம் கழற்றிவிட்டுப் புது எம்.சி.பி. பெட்டி வைப்பதாக ஏற்பாடு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நெல்லையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“எங்க வீட்டுலயும் மாத்தணும் சார். அதான் எப்படின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றபடி உட்கார்ந்தவர், மெதுவாக ஆரம்பித்தார். “ஆமா, மாடியில சாலமோனைக் காணவே இல்லியே?”

“அவனா… தூத்துக்குடிக்கு வேலையாப் போயிருக்கான் ஏட்டையா” என்றார் இஸ்ரவேல் சார்.

“கல்யாணம் ஆயிட்டா?”

“ஆயிட்டு, ஆயிட்டு. ரெண்டு பிள்ளைய.”

சந்தேகத்துக்குரியவர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது போலீஸ் பாலபாடம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்பங்கரைக்குப் போனார்.

“டீச்சர், நம்ம சாலமோனுக்கு ஒரு பொண்ணு பாக்கட்டுமா?”

“பாருங்க ஏட்டையா. பாவம், ஒத்தையில மதுரையில கிடந்து கஷ்டப்படுதான்.”

நெல்லையப்பனுக்குப் புல்லரித்தது. டம்ளரை வைத்துவிட்டு வந்தவர், கூடத்தில் குரல் கேட்டுக் கதவோரமாக நின்றுகொண்டார்.

“சார், மாடியையும் பாக்கணும். திறந்து விடுங்க” என்றார் காஜா.

“சாவி சாலமோன்கிட்டல்லா இருக்கு!”

ரீபா டீச்சரின் இடுப்புக் கொத்தில் ‘மாடி’ என்று சீட்டு ஒட்டிய சாவி தொங்குவதை நெல்லையப்பன் சற்று முன்புதான் பார்த்திருந்தார்.

காஜா பழைய போர்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு இஸ்ரவேல் சாரை ஒரு மாதிரி பார்த்தார். “எத்தனை வருசமா சார் இப்படி?”

“ஒம்பது வருசம் பாய். வெளிய சொல்லிராதீங்க, மானம் போயிரும்.”

அதற்குமேல் நெல்லையப்பனால் நிற்க முடியவில்லை. தெருவுக்கு ஓடிவந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

பத்தே நிமிடத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் பெருமாள்ராஜ் இறங்கினார். தெருவே கூடிவிட்டது. நாளைக்குப் பேப்பரில் படம் வருமே என்று நெல்லையப்பன் தலையைச் சீவிக்கொண்டார். ரீபா டீச்சர் இடுப்புக் கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுக்க, எல்லோரும் மாடியேறினார்கள்.

கதவு திறந்தது. உள்ளே பாய் இல்லை, பானை இல்லை, பிணமும் இல்லை. ஒரே ஒரு பல்பு தொங்கியது. தரையில் போட்ட ஓட்டை வழியாக இரண்டு தடித்த ஒயர்கள் கீழ்வீட்டுக்கு இறங்கின.

“சாலமோனை என்ன செஞ்சிய?” என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

இஸ்ரவேல் சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சாலமோன்னு ஒருத்தனே கிடையாது சார். மாடியில வேற குடும்பம் இருக்குன்னு சொல்லி ரெண்டாவது மீட்டர் வாங்குனோம். ஒவ்வொரு மீட்டருக்கும் நூறு யூனிட் இலவசம்லா… கீழ இருக்க ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் இந்த மாடி மீட்டர்லதான் ஓடுது.”

“அப்போ அந்தச் சாரம்?” என்று கேட்டார் நெல்லையப்பன்.

“அது என்னோடதுதான் ஏட்டையா. மீட்டர் பாக்க வாறவங்களுக்கு, ஆள் இருக்க மாதிரி தெரியணும்லா.”

ஆயுசுக்கும் ஏங்கி ஒரு கொலை கிடைத்தது. அதிலும் செத்தவன் பிறக்கவே இல்லை. நெல்லையப்பன் அழாத குறையாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. “பிள்ளையளுக்கு நேர்மை சொல்லிக்குடுத்த வாத்தியாரு செய்யுத வேலையா இது? நாளைக்கே மின்வாரிய ஆபீசுக்குப் போயி உண்மையச் சொல்லிருங்க. இல்லன்னா நானே எழுதிக் குடுத்துருவேன், ஆமா!”

தெருவில் நின்ற கூட்டம், போலீஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டது. ஜீப்பில் ஏறப் போன பெருமாள்ராஜ், காஜா முகைதீனைக் கண்ணால் ஓரமாக அழைத்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாய், ஞாயித்துக்கிழமை பைய நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அங்கனயும் மாடியில ஏழு வருசமா ஒரு சாரம் காயுது.”